லைன் ஸ்லோ என்று சொல்வது சுலபம்

ஒரு பெரிய நிறுவனத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். தலைமையகம் ஓர் ஊரில். கிளைகள் அறுபது ஊர்களில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு முக்கியமான பாதுகாப்பு பேட்ச் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பப்படுகிறது. திங்கட்கிழமை காலையில் ரிப்போர்ட்டைத் திறந்தால் நாற்பது கிளைகளில் ஏறவே இல்லை. உடனே மீட்டிங். மீட்டிங்கில் முதலில் வாய் திறப்பவர் சொல்லும் வாக்கியம் எந்த நிறுவனத்திலும் ஒன்றுதான்: "பிராஞ்ச் லைன் ரொம்ப ஸ்லோ சார்." இரண்டாவது வாக்கியமும் ஒன்றுதான்: "பேண்ட்வித் ஏத்தணும்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் யாரும் எதையும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. காய்ச்சல் என்றதும் தெர்மாமீட்டர் கூட வைக்காமல் ஊசி போடுவது மாதிரி. லைனை இரட்டிப்பாக்கக் காசு கட்டி, மூன்று மாதம் காத்திருந்து, கடைசியில் பார்த்தால் பேட்ச் அதே வேகத்தில் நகரும். அப்போதும் "இன்னும் ஏத்தணும்" என்றுதான் சொல்வார்கள்!

லைன் காரணமாக இருக்கவே முடியாது என்பது வாதமல்ல. 2 எம்.பி.பி.எஸ். லைனில் நாற்பது கணினிகள் இருந்தால் லைன்தான் காரணம். ஆனால் 50, 100 எம்.பி.பி.எஸ். வைத்துக்கொண்டு இதே புகாரைச் சொல்பவர்கள் முதலில் வேறு நான்கைந்து இடங்களைப் பார்த்தாக வேண்டும்.

முதலில் 'ஸ்லோ' என்ற வார்த்தையே சந்தேகத்துக்குரியது. எது ஸ்லோ? ஒரு மென்பொருள் தலைமையகத்திலிருந்து கிளையில் ஒரு மேஜைக்குப் போய்ச் சேருவதில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. கிளையின் சேமிப்பு சர்வருக்குக் கோப்பு போக வேண்டும். 'இதை நிறுவு' என்ற ஆணை கணினிக்குப் போக வேண்டும். கணினி கோப்பை இறக்க வேண்டும். நிறுவ வேண்டும். கடைசியாக 'நிறுவிவிட்டேன்' என்று திரும்பச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் கான்ஃபிகரேஷன் மேனேஜரையே எடுத்துக் கொள்ளுங்கள். (பழைய ஆட்கள் இன்னும் எஸ்.எம்.எஸ். என்பார்கள். 1994-ல் வந்தபோது அதன் பெயர் அதுதான்.) அதில் கணினி புதிய ஆணை இருக்கிறதா என்று கேட்பதே இயல்பாக 60 நிமிடத்துக்கு ஒரு முறை. கணினி அணைந்திருந்தால் அதுவும் இல்லை. நிறுவிய செய்தியும் அந்த நொடியே மேலே போகாது, சேர்த்து வைத்துத்தான் போகும். ஆக, வேலை முடிந்த பிறகும் ரிப்போர்ட்டில் சிவப்பாகவே நிற்கும் கணினிகள் உண்டு. அங்கே மெதுவாக இருப்பது மென்பொருள் அல்ல, தபால்.

அதனால் ஆரம்பிக்க வேண்டிய இடம் ரிப்போர்ட் அல்ல. தாமதமான ஒரே ஒரு கணினி. அதன் லாக் கோப்புகளைத் திறந்து நேரங்களை ஒரு காகிதத்தில் எழுதினால் போதும். ஆணை வந்தது 10:05. கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டது 10:06. இறக்க ஆரம்பித்தது 10:07. இறக்கி முடித்தது மாலை 4:50. நிறுவியது 4:58. இப்போது எங்கே நேரம் போனது என்பதில் சண்டைக்கே இடமில்லை. ஒரு மணி நேர வேலை இது. ஆனால் அறுபது கிளைகளின் வண்ண வண்ண வரைபடத்தைப் புரொஜெக்டரில் போட்டு இரண்டு மணி நேரம் பேசுவதுதான் பலருக்குப் பிடித்திருக்கிறது.

சரி, இறக்குவதில்தான் நேரம் போகிறது என்று தெரிந்துவிட்டது. அப்போதாவது லைனைத் திட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

லைனின் அகலம் வேறு, தூரம் வேறு. இதைப் புரிந்து கொள்ளாமல் போவதால்தான் பாதிப் பணம் வீணாகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். லண்டனில் தலைமையகம், சிங்கப்பூரில் கிளை என்றால் நேர்க்கோட்டுத் தூரமே சுமார் 10,850 கி.மீ. போய்த் திரும்பக் குறைந்தபட்சம் 108 மில்லிநொடி. கடலடிக் கேபிள் நேர்க்கோட்டிலா போகும்? நடைமுறையில் 160 மில்லிநொடி என்று வைத்துக் கொள்வோம். இந்த எண்ணை எந்தக் கம்பெனியும் காசு வாங்கிக்கொண்டு பாதியாக்கித் தர முடியாது.

இப்போது டி.சி.பி. எப்படி அனுப்புகிறது என்று பாருங்கள். ஒரு கொத்து அனுப்பும், 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வரும்வரை காத்திருக்கும், அடுத்த கொத்து அனுப்பும். பழைய டி.சி.பி.யில் அந்தக் கொத்தின் உச்ச அளவு 65,535 பைட்டுகள். 160 மில்லிநொடிக்கு ஒரு முறை 65,535 பைட்டுகள் என்றால் கணக்குப் போடுங்கள்: நொடிக்கு 3.3 மெகாபிட் கூட வராது. லைன் 10 எம்.பி.பி.எஸ். ஆக இருந்தாலும் 3.3 தான். 100 ஆக இருந்தாலும் 3.3 தான். 1,000 ஆக இருந்தாலும் அதேதான்! 4 ஜி.பி. கோப்பு ஒன்று 100 எம்.பி.பி.எஸ். லைனில் ஐந்தரை நிமிடத்தில் போக வேண்டியது, இரண்டே முக்கால் மணி நேரம் ஊரும். லைன் ஆறு வழிச் சாலையாகக் காலியாகக் கிடக்கும். அதில் ஒரே ஒரு மினி லாரி போய்ப் போய் வந்து கொண்டிருக்கும்.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது விண்டோ ஸ்கேலிங் இருக்கிறதே" என்று நெட்வொர்க் படித்தவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. அந்தத் திருத்தம் 1992-லேயே எழுதப்பட்டுவிட்டது. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் தானாகவே கொத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் விஸ்டா வந்த புதிதில் 'இன்டர்நெட் வேகமாக வேண்டுமா? இந்த ஆட்டோட்யூனிங்கை அணைத்துவிடுங்கள்' என்று ஒரு குறிப்பு ஊரெல்லாம் சுற்றியது. யாரோ ஒருவர் அதை நிறுவனத்தின் அடிப்படை இமேஜிலேயே போட்டு வைத்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும், அவர் வைத்த அமைப்பு மட்டும் இமேஜுக்கு இமேஜ் வாரிசாக வந்து கொண்டிருக்கும். இன்னொரு வகை, வழியில் இருக்கும் பழைய ஃபயர்வால். அந்த ஸ்கேலிங் குறிப்பை அது தனக்குப் புரியாத ஆபத்து என்று நினைத்து அழித்துவிடும். இரண்டு முனையும் நவீனம்தான், நடுவில் ஒரு தாத்தா.

இதைக் கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டாம். ஐபெர்ஃப் போன்ற ஓர் இலவச நிரலில் முதலில் ஒரே ஒரு ஓடையாக அனுப்பிப் பாருங்கள். பிறகு எட்டு ஓடையாக ஒரே நேரத்தில் அனுப்பிப் பாருங்கள். ஒன்று 3 தந்து, எட்டும் சேர்ந்து 25 தந்தால் லைனில் இடம் இருக்கிறது. தவறு கொத்தின் அளவிலோ வழியில் தொலையும் பொட்டலங்களிலோ இருக்கிறது. எட்டும் சேர்ந்தே 3 தான் என்றால், அப்போது தாராளமாக லைனைத் திட்டலாம்.

தொலையும் பொட்டலங்கள் தனிக் கொடுமை. நூற்றுக்கு ஒன்று தொலைந்தால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 100 மில்லிநொடி தூரத்தில் நூற்றுக்கு ஒன்று தொலைந்தால் சாதாரண டி.சி.பி. ஓடை ஒன்று ஒன்றேகால், ஒன்றரை எம்.பி.பி.எஸ். தாண்டத் திணறும், லைன் எத்தனை அகலமாக இருந்தாலும். பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைக்கும்படிதான் அதைப் படைத்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இணைய வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. 800 மடங்கு வீழ்ச்சி! இரண்டுக்கும் இடையே தூரம் 400 கஜம். நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். வான் ஜேக்கப்சன் என்பவர் ஏன் என்று தோண்டினார். தொலைந்ததை எல்லோரும் அவசர அவசரமாகத் திரும்பத் திரும்ப அனுப்பியதே நெரிசலைப் பெருக்கியது என்று கண்டார். 1988-ல் அவர் எழுதிய கட்டுரையில் வந்த தீர்வு கம்பியைத் தடிமனாக்குவதல்ல, அனுப்புகிறவருக்கு நிதானம் கற்றுக் கொடுப்பது. அந்த நிதானம்தான் இன்றுவரை இணையத்தைக் காப்பாற்றுகிறது. கிளையில் ஒரு சுவிட்சில் டூப்ளக்ஸ் அமைப்பு ஒரு பக்கம் தானியங்கி, மறுபக்கம் கையால் போட்டது என்று பொருந்தாமல் கிடந்தால் பொட்டலங்கள் தொலையும். பிங் செய்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். பெரிய கோப்பு மட்டும் நொண்டும்.

இன்னொன்று, சின்னச் சின்னக் கோப்புகள். பல இடங்களில் இன்னும் ஷேர் ஃபோல்டரிலிருந்து நேராக நகலெடுக்கும் ஸ்கிரிப்ட்தான் ஓடுகிறது. ஒரு மென்பொருளில் 20,000 கோப்புகள், மொத்தமாக 200 எம்.பி.தான் என்று வையுங்கள். கோப்பு ஒன்றுக்குத் திற, படி, மூடு என்று ஐந்து முறை போய் வந்தாலே, 160 மில்லிநொடி தூரத்தில் 16,000 நொடி. நாலரை மணி நேரம்! அதே 20,000-ஐ ஒரே ஜிப்பாகக் கட்டினால் 100 எம்.பி.பி.எஸ். லைனில் நிமிடக் கணக்கில் முடியும். மளிகைக் கடைக்குப் போனவன் ஒவ்வொரு மிளகாயையும் தனித்தனியாக வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பக் கடைக்கு ஓடினால் யார் தப்பு? சாலையின் தப்பா?

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு கிளை மட்டும் சாகிறது என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு (இது ஆய்வுக் கணக்கல்ல, வழக்கில் சொல்லும் தொண்ணூறு!) எல்லை வரையறையில் பிரச்சினை இருக்கும். எந்த ஐ.பி. முகவரிகள் எந்தக் கிளையைச் சேர்ந்தவை என்று நிர்வாக சர்வரில் ஒருவர் எழுதி வைத்திருப்பார். அதைப் பார்த்துத்தான் 'உனக்குப் பக்கத்துச் சேமிப்பு சர்வர் இது' என்று கணினிக்கு வழி சொல்லப்படும். கிளையில் புதிதாக ஒரு மாடி எடுக்கிறார்கள். நெட்வொர்க் குழு அதற்குப் புது சப்நெட் கொடுக்கிறது. மென்பொருள் குழுவுக்கு யாரும் சொல்வதில்லை. அவ்வளவுதான், அந்த மாடியில் இருக்கும் எழுபது கணினிகளுக்கும் தங்கள் ஊரே தெரியாது. பத்தடி தள்ளி அலமாரியில் அதே கோப்பு இருக்க, கடல் தாண்டிப் போய் இறக்கிக் கொண்டிருக்கும். சில அமைப்புகளில் 'பக்கத்தில் கிடைக்கிறதா என்று இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அப்புறம் தூரம் போ' என்று இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு எதுவுமே நடக்காது, லாக்கில் 'காத்திருக்கிறேன்' என்று மட்டும் வரும். 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்து வி.பி.என். வழியாக வேலை பார்த்தபோது இந்தக் கூத்து உச்சத்துக்குப் போனது. வீட்டுக் கணினிகள் தலைமையகத்தின் உள்ளே இருப்பதாக அமைப்பு நம்பியது, ஒட்டுமொத்தப் பதிவிறக்கமும் அந்த ஒரே சுரங்கத்தில் நசுங்கியது.

இந்த இடத்தில்தான் உண்மையான நோய் தெரிகிறது. இது கம்பியின் நோயல்ல, நாற்காலிகளின் நோய். மென்பொருள் குழு ஒரு மாடியில், நெட்வொர்க் குழு வேறு மாடியில், பாதுகாப்புக் குழு எங்கே என்றே தெரியாது. ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசலை மட்டும் பெருக்குகிறார்கள். மென்பொருள்காரர் 'கிளைக்கு 20 சதவீதத்துக்கு மேல் அனுப்பாதே' என்று எப்போதோ ஒரு கட்டுப்பாடு போட்டிருப்பார், லைன் 2 எம்.பி.பி.எஸ். ஆக இருந்த காலத்தில். நெட்வொர்க்காரர் அதே போக்குவரத்தை ரவுட்டரில் கடைசி வரிசையில் தள்ளியிருப்பார். பாதுகாப்புக்காரரின் ஆன்டிவைரஸ் இறங்கிய கோப்பை ஒரு முறையும், விரித்ததை இன்னொரு முறையும் சோதிக்கும். மூவர் செய்ததும் தனித்தனியாக நியாயம்தான். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் கிளைக் கணினி என்ன செய்யும்? திட்டு வாங்குவது மட்டும் கிளையில் இருக்கும் அந்த ஒற்றை சப்போர்ட் பையன். அவன் கையில் ரவுட்டரின் பாஸ்வேர்டும் இல்லை, சர்வரின் உரிமையும் இல்லை.

விண்டோஸின் பிட்ஸ் சேவையும் இப்படி ஒரு நல்ல பிள்ளைதான். எக்ஸ்பி காலத்திலிருந்து இருக்கிறது. கணினி சும்மா இருக்கும்போது மட்டும் மெதுவாக இறக்கும். ஆனால் அது பெரும்பாலும் தன் கணினியின் கம்பி சும்மா இருக்கிறதா என்றுதான் பார்க்கும், கிளையின் பொதுவான லைனை அல்ல. நாற்பது கணினிகளும் 'என் கம்பி காலி' என்று ஒரே நேரத்தில் நினைத்தால் பொது லைன் அடைத்துக்கொள்ளும். நாற்பது நல்லவர்கள் சேர்ந்து ஒரு வாசலை மறித்த கதை.

இதற்கு அழகான விடை ஒன்று உண்டு: ஒரே பொருளை நாற்பது முறை ஏன் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்? ஒருவன் கொண்டு வரட்டும், மற்றவர்கள் அவனிடம் வாங்கிக் கொள்ளட்டும். 2010-ல் ட்விட்டர் தன் சர்வர்களுக்குப் புதிய நிரலை அனுப்ப பிட்டோரண்ட் முறையில் ஒரு கருவி எழுதியது. நாற்பது நிமிட வேலை பன்னிரண்டு நொடிக்கு வந்ததாக அறிவித்தது. அதன் பெயர் மர்டர். கொலை என்று பயப்பட வேண்டாம், ஆங்கிலத்தில் காக்கைக் கூட்டத்துக்கும் அதுதான் பெயர். ஒரு பருக்கை கிடைத்தாலும் கரைந்து கூட்டத்தை அழைக்கும் பறவையின் பெயர் இந்த வேலைக்கு எத்தனை பொருத்தம் என்று தமிழர்களுக்குத் தனியாக விளக்க வேண்டுமா என்ன? அது ஒரே டேட்டா சென்டருக்குள் நடந்த கதை. பல ஊர்க் கிளைகளுக்கு விண்டோஸ் 7 உடன் 2009-ல் பிராஞ்ச்கேஷ் வந்தது, விண்டோஸ் 10-ல் டெலிவரி ஆப்டிமைசேஷன் வந்தது.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் வம்புதான். டெலிவரி ஆப்டிமைசேஷன் தன் பொதுவான அமைப்பில், வெளியே ஒரே பொது ஐ.பி.யாகத் தெரியும் கணினிகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எண்ணிக்கொள்ளும். எல்லாக் கிளைகளும் தலைமையகம் வழியாகவே இணையத்துக்குப் போகும் நிறுவனத்தில், ஐந்நூறு கி.மீ. தள்ளியிருப்பவனும் பக்கத்து வீட்டுக்காரன் ஆகிவிடுவான். கிளைவாரியாகக் குழு பிரித்துக் கொடுத்தால்தான் காக்கை தன் கூட்டத்தை அறியும்.

ஒரு பேட்ச் நாலு நாள் லேட்டானால் குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2017-ஐ ஞாபகப்படுத்த வேண்டும். வான்னாக்ரை பரவிய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே பேட்ச் கொடுத்துவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12. இடையில் 59 நாட்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பில் மூன்றில் ஒரு பங்கு டிரஸ்டுகள் பாதிக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் நேரங்கள் ரத்தாயின. அதே வருடம் ஈக்விஃபாக்ஸ். ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கு மார்ச்சில் திருத்தம் வந்தது. 48 மணி நேரத்தில் போடச் சொல்லி உள்ளே மின்னஞ்சலும் போனது. சோதனை ஓட்டிப் பார்த்தார்கள், ஓட்டை இருந்த கணினியை அந்தச் சோதனை காட்டவில்லை. மே மாதம் புகுந்தவர்கள் ஜூலை இறுதிவரை உள்ளே இருந்தார்கள். சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் போயின. அங்கே லைனின் வேகம் ஒரு பிரச்சினையே அல்ல. எங்கே என்ன ஓடுகிறது என்பது பட்டியலில் இல்லை. சப்நெட் தெரியாத மூன்றாம் மாடியின் அண்ணன் இது.

அப்படியானால் எல்லாவற்றையும் நொடியில் தள்ளிவிடலாமா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அதைச் செய்து காட்டியது. தவறான ஒரு கோப்பு உலகெங்கும் போனது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்களில் ஜனங்கள் தரையில் படுத்தார்கள். லைன் மட்டும் பிரமாதமாக வேலை செய்தது!

ஆகவே தாமதமே கூடாது என்பதல்ல வாதம். முதலில் இருபது கணினி, மறுநாள் இரண்டு கிளை, அப்புறம் மற்றவை என்று தெரிந்தே வைக்கும் தாமதம் ஒன்று. அதை யாரும் எந்த நேரமும் எடுத்துவிட முடியும், அவசரம் என்றால் ஒரே நாளில் முடிக்க முடியும். எவரோ எப்போதோ போட்ட 20 சதவீதத்தாலும், யாருக்கும் சொல்லாத சப்நெட்டாலும் வரும் தாமதம் வேறு. அது அவசர நாளன்று தன் முகத்தைக் காட்டும். அன்று அதை எடுக்க யாருக்கும் வழி தெரியாது. முதல் வகைக்கு ஒரு தேதியும் ஒரு பொறுப்பாளரும் இருப்பார். இரண்டாவதற்கு 'லைன் ஸ்லோ' என்ற பெயர் மட்டும்தான் இருக்கும்.

அடுத்த தடவை பேண்ட்வித் ஏற்றக் கோரி ஒரு காகிதம் வந்தால், கையெழுத்துப் போடும் மேலாளர் நான்கு விஷயம் கேட்கலாம். தாமதமான ஒரு கணினியின் லாக் நேரங்கள், தலைமையகத்துக்கும் அந்தக் கிளைக்கும் போய் வரும் மில்லிநொடி, ஒரு ஓடை எட்டு ஓடைச் சோதனையின் முடிவு, அந்தக் கிளையின் சப்நெட்டுகள் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன. நான்கும் ஒரே பக்கத்தில் அடங்கும். அதை எழுத மூன்று குழுக்களும் ஒரு மேஜையில் உட்கார வேண்டியிருக்கும். பாதி காகிதங்கள் அதோடு திரும்பி வரவே வராது.